நிலவியல் படிக்காதவர் நிலவியல் சங்கத்தில் சேர்ந்தால் ஏதாவது புரியுமா?

கேட்டவர் நாலு விஷயம் கேட்டிருக்கிறார். பள்ளியோடு அறிவியலை விட்டவருக்கு ஆர்வலர் சங்கங்களில் நடக்கும் உரைகள் புரியுமா, முதலில் ஒரு வகுப்பில் சேர்ந்து கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லதா, சுத்தியல் மாதிரி சாமான்கள் வாங்க வேண்டுமா, பத்து வயது மகளையும் கூட்டிப் போகலாமா.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், நிலவியலில் பட்டம் எதுவும் கிடையாது. சில வருடங்களாக ஒரு சங்கத்தில் உறுப்பினர். கணக்கு தெரிந்தவன் என்று தெரிந்த உடனே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள், அது வேறு கதை. (நீங்களும் உங்கள் தொழிலைச் சொல்லும் முன் யோசித்துச் சொல்லுங்கள்.)

முதலில் களப்பயணத்துக்குப் போங்கள். உரை அப்புறம், வகுப்பு அதற்கும் அப்புறம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏதோ ஒரு மாதக் கூட்டத்துக்கு வந்து உட்கார்வார்கள், பேசுபவர் 'ஆர்டோவிசியன்', 'கிரானுலைட்' என்று ஆரம்பிப்பார், பத்தாவது நிமிடத்தில் இவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள், அடுத்த மாதம் ஆள் இருக்காது. அவர்களுக்கு அறிவு போதாமல் இல்லை. கல்லைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அந்தப் பேர்களைக் கேட்டால் யாருக்குமே ஒட்டாது, அவ்வளவுதான்.

களப்பயணத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சாலைக்காக மலையை வெட்டிய இடம், கைவிட்ட கல்குவாரி, கடலோரப் பாறை இப்படி எங்காவது ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். வழிகாட்டி நல்லவராக இருந்தால் உடனே பேர் சொல்லமாட்டார். "என்ன தெரியுது?" என்று கேட்பார். யாராவது அவசரமாக "கிரானைட்" என்பார்கள். "பேரை விடுங்க, என்னென்ன நிறம் இருக்கு, மணிகள் எவ்வளவு பெரிசு, கோடு மாதிரி ஏதாவது ஓடுதா, அதைச் சொல்லுங்க" என்பார். அப்புறம் லென்ஸ் கைமாறும். அதைக் கல்லின் மேல் வைத்துத் துப்பறிபவர் மாதிரி எட்டி நின்று பார்க்கக் கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கல்லை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும், பளிச்சென்று தெரியும்வரை. முதுகை வெயில் பக்கம் திருப்பி நிற்க வேண்டும். அப்படி நின்று கல்லை மெல்லச் சாய்த்தால் ஃபெல்ஸ்பார் மணிகள் குட்டிக் கண்ணாடி போலத் தட்டையாக ஒரே நேரத்தில் மின்னி அணையும், ஏனென்றால் அந்தக் கனிமம் நேரான தளங்களில்தான் பிளக்கும். பக்கத்திலேயே இருக்கும் குவார்ட்ஸ் அப்படி மின்னாது, உடைந்த பாட்டில் சில்லு மாதிரி ஒழுங்கில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். இந்த வித்தியாசத்தை வீடியோவில் எத்தனை தடவை பார்த்தாலும் வராது. கல்லைச் சாய்க்க உங்கள் கை வேண்டும், "இன்னும் கொஞ்சம் திருப்புங்க, ஆங், அதுதான்" என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். சங்கம் என்பதே அந்த ஆளுக்காகத்தான் என்பேன்.

இன்னொன்று, பாறையில் வெள்ளையாக ஓடும் நரம்புகள். அது குவார்ட்ஸா கால்சைட்டா? கத்தி முனையால் கீறினால் கால்சைட்டில் பள்ளம் விழும், குவார்ட்ஸ் மேல் கத்திதான் தேய்ந்து ஒரு சாம்பல் கோடு போடும். 1812ல் ஃபிரெட்ரிக் மோஸ் போட்ட கடினத்தன்மை வரிசையில் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7, கத்தி எஃகு இரண்டுக்கும் நடுவில். வழிகாட்டியிடம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப் புட்டியில் இருக்கும். கால்சைட் மேல் விட்டால் உடனே பொங்கி நுரைக்கும். கால்சைட் மாதிரியே தெரியும் டோலமைட் என்ற கனிமம் சோம்பேறி, சும்மா விட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. சுரண்டிப் பொடியாக்கி அதன் மேல் விட்டால்தான் மெதுவாகக் குமிழி வரும்.

படிவுப் பாறை அடுக்குகளில் இதைவிட வேடிக்கை. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு என்பதுதான் எல்லோரும் முதலில் படிக்கும் விதி. ஆனால் மலைகள் மடிந்து எழும்பும்போது சில இடங்களில் அடுக்குகளே குப்புற விழுந்திருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கலங்கிய நீரில் வந்த வண்டல் படியும்போது கனமான பருக்கை மணல் முதலில் இறங்கும், நைசானது பிறகு. ஆக ஒவ்வொரு அடுக்கிலும் கீழே பெரிய மணி, மேலே போகப் போகப் பொடி. நீங்கள் பார்க்கும் பாறையில் பொடி கீழேயும் பெரிய மணி மேலேயும் இருந்தால், மொத்த அடுக்கும் தலைகீழாகக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒரு இடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது, பக்கத்து அடுக்குகளையும் பார்க்க வேண்டும். விரல் அகல அடுக்கை லென்ஸில் பார்த்து ஒரு மலை புரண்டு கிடப்பதை ஊகிக்க முடிகிறது என்பதுதான் என்னை இதில் மாட்டவைத்தது.

சரி, உரைகளுக்கு வருவோம். இப்படி ஒன்றிரண்டு பயணம் போன பிறகு உரைகள் பாதிக்கு மேல் புரிய ஆரம்பிக்கும். அதற்கு முன் காலக் கணக்கை மட்டும் மேலோட்டமாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பூமி தோன்றி சுமார் 454 கோடி ஆண்டுகள். ஓடும் கூடும் உள்ள உயிர்கள் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கும் கேம்பிரியன் காலம் சுமார் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆரம்பம். மிகப்பெரிய உயிரழிவு 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் கடைசியில். பறவைகள் தவிர்த்த டைனோசர்கள் போனது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த நாலு முளை அடித்துவிட்டால் பேசுபவர் எந்தக் காலத்தின் பேரைச் சொன்னாலும் நடுவில் எங்கேயோ கட்டிவிடலாம்.

எல்லா உரையும் ஒரே தரம் இல்லை. ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வையே பேசுவார்கள், ஆர்வம் இருக்கும், ஆனால் வரைபடங்களில் எழுத்து எறும்பு சைஸில் இருக்கும். உறுப்பினர்கள் போய்வந்த எரிமலைப் படங்களைக் காட்டும் கூட்டம் ஒன்று வருடா வருடம் இருக்கும், இனிமையாகப் பொழுது போகும். என்னைக் கேட்டால், சுரங்கத்திலோ நிலத்தடி நீரிலோ சுரங்கப்பாதை வேலையிலோ காலம் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர்கள் பேசும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். பாறையைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், வேலையில் அதைப் பார்த்திருப்பார்கள். கேள்வி நேரத்தில் "இது என்ன கல்?" என்பதை விட "அது அப்படித்தான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பேசுபவர் முகமே மாறும், அடுத்த பத்து நிமிடம்தான் அன்றைய உரையின் நல்ல பகுதியாக இருக்கும்.

சில சங்கங்களில் உறுப்பினர்கள் தங்கள் கற்களைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் மாலை ஒன்று உண்டு. அதற்குக் கட்டாயம் போங்கள். தவறாமல் ஒருவர் விண்கல் கொண்டுவருவார். அது விண்கல்லாக இருக்காது. பெரும்பாலும் உலைக் கசடு, இல்லாவிட்டால் ஹெமடைட், மேக்னடைட் மாதிரி ஏதாவது இரும்புத்தாது. குமிழிப் பொத்தல்கள் நிறைய இருந்தால் கசடு என்று சந்தேகப்படலாம். மெருகில்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் ஹெமடைட் செம்பழுப்புக் கோடு விடும், மேக்னடைட் கருப்புக் கோடு விடும், விண்கற்கள் பொதுவாகக் கோடே விடாது. காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்து நம்பக் கூடாது, மேக்னடைட்டிலும் காந்தம் ஒட்டும். கொண்டுவந்தவர் மனம் நோகாமல் இதைச் சொல்வது ஒரு தனிக் கலை, எங்கள் சங்கத்தில் அதற்கென்றே ஒரு பெரியவர் இருக்கிறார்.

வகுப்புகள். கனிமம், பாறை அடையாளம் காணும் வகுப்பு எல்லா இடத்திலும் இருக்கும், நல்லதுதான், ஆனால் களப்பயணத்தில் அதில் பாதி வந்துவிடும். காசு கொடுத்துச் சேர்வதானால் நிலவியல் வரைபடம் படிக்கும் வகுப்பில் சேருங்கள். கலர் கலராகத் தெரியும் அந்தக் காகிதம் நிலத்துக்கு அடியில் இருப்பதைச் சொல்கிறது என்பது அங்கேதான் பிடிபடும். அடுக்குகளின் எல்லைக்கோடு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக் கோடுகளோடு கூடவே வளைந்து போனால் அடுக்குகள் படுத்த நிலையில் இருக்கின்றன. மேடு பள்ளம் எதையும் மதிக்காமல் நேராக வெட்டிக்கொண்டு போனால் செங்குத்தாக நிற்கின்றன. பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போல மடங்கினால் சாய்ந்திருக்கின்றன, பெரும்பாலும் அந்த முனை காட்டும் பக்கம்தான் சாய்வு. இதைப் பென்சிலும் அளவுகோலும் வைத்து வெட்டுத்தோற்றமாக வரையப் பழகினால், பிறகு ரயிலில் போகும்போதுகூட ஜன்னலை விட்டு நகரமாட்டீர்கள்.

நுண்ணோக்கி வகுப்பு கிடைத்தால் அது தனிக் கொண்டாட்டம். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள், அந்தத் தடிமனில் கருங்கல்கூட ஒளியை விடும். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் இரண்டு துருவமுனைப்பிகளைக் குறுக்காக வைத்து மேடையைச் சுற்றினால் ஃபெல்ஸ்பாரில் ஒரு வகை கருப்பு வெள்ளைப் பட்டைப் பட்டையாகத் தெரியும், ஆலிவின் என்ற கனிமம் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பளபளக்கும். ஆனால் முதல் வருடத்திலேயே இது வேண்டாம், அழகில் மயங்கிவிட்டு ஒன்றும் பதியாமல் போகும்.

"நம்மைப் போன்ற ஆளுக்கு அங்கே என்ன இடம்" என்ற கூச்சமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. இந்தத் துறையை ஆரம்பித்தவர்களில் பலர் வேறு தொழில் பார்த்தவர்கள். 1815ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் நிலவியல் வரைபடம் வெளியிட்ட வில்லியம் ஸ்மித் கால்வாய் வேலை செய்த நில அளவையாளர். ஒரு டைனோசருக்கு இகுவானோடான் என்று பேர் வைத்த கிடியன் மான்டெல் மருத்துவர். 1807ல் லண்டனில் தொடங்கிய நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்க 1919 வரை ஆனது. 1858ல் அதே ஊரில் ஆர்வலர்களுக்கென்று தொடங்கிய நிலவியலாளர் சங்கமோ முதலிலிருந்தே பெண்களையும் சேர்த்துக்கொண்டது, இன்றும் நடக்கிறது. அப்புறம் சார்னியா என்ற புதைபடிவத்தின் கதை. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில், கேம்பிரியனுக்கும் முந்தைய பாறையில் இலை போன்ற ஒரு படிவத்தை 1956ல் டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி பார்த்துவிட்டு ஆசிரியரிடம் சொன்னார். அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் இருக்கவே முடியாது என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் ரோஜர் மேசன் என்ற மாணவன் கண்ணில் பட்டது. இந்த முறை விஷயம் லெஸ்டர் பல்கலைக்கழக நிலவியலாளர் டிரெவர் ஃபோர்டிடம் போனது, அவர் நேரில் போய்ப் பார்த்தார், 1958ல் எழுதி வெளியிட்டார். அந்தப் பாறையின் வயது 55 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இரண்டு பிள்ளைகளுமே கண்டது ஒன்றுதான், ஒருவருக்கு மட்டும் வந்து பார்க்க ஆள் கிடைத்தார்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, கழுத்தில் மாட்டக் கயிறு, பென்சில், நோட்டு, வழுக்காத காலணி. சுத்தியல் இப்போது வேண்டாம். பல இடங்கள் பாதுகாக்கப்பட்டவை, அங்கே தட்டவே கூடாது, மற்ற இடங்களிலும் உதிர்ந்து கிடப்பதே போதும். பிறகு வாங்கினால் நிலவியல் சுத்தியலாக வாங்குங்கள், தச்சர் சுத்தியலின் எஃகு இதற்கானது இல்லை, சில்லு தெறிக்கும், எதுவானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள். குவாரியிலும் செங்குத்துப் பாறையடியிலும் தலைக்கவசம் கட்டாயம், வழக்கமாக முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எடுத்த கல்லில் எடுத்த இடமும் தேதியும் அன்றே எழுதி ஒட்டுங்கள். இடம் தெரியாத கல்லைச் சங்கத்தில் யாருக்கும் காட்ட முடியாது, "எங்கே கிடைச்சுது?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

சேர்வதற்கு முன் விருந்தினராக ஒரு முறை வரலாமா என்று செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். இப்போது நிறைய உரைகள் இணையத்திலும் நடக்கின்றன, தூரத்தில் இருப்பவர்களுக்கு வசதி, ஆனால் கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது நடக்கும் பேச்சு அதில் கிடைக்காது.

மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் பயணத்தலைவரிடம் முன்பே சொல்லிவிட்டு. வேலை நடக்கும் குவாரிகளில் சிறுவர்களை விடமாட்டார்கள், கடலோரப் பயணம் என்றால் அலை ஏறும் நேரத்தைப் பார்த்துத்தான் புறப்படுவார்கள், நடுவில் "வீட்டுக்குப் போகலாம்" என்றால் திரும்புவது கஷ்டம். முதல் தடவைக்குப் புதைபடிவம் உதிர்ந்து கிடக்கிற இடமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் உயரம் தரைக்குப் பக்கம், பெரியவர்கள் தாண்டிப் போனதை எல்லாம் அவர்கள்தான் எடுத்து வருவார்கள்.