அறிவியல் வகுப்புக்கு எத்தனை விதி போடலாம்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு முதன்முறையாகப் பொது அறிவியல் எடுக்கப் போகிறேன். எனக்கு முன் இருந்த ஆசிரியர் நான்கு பக்க விதிப் பட்டியல் ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 31 விதிகள். அதையே கொடுத்துவிடலாமா, புதிதாக எழுத வேண்டுமா? தாமதமாக வரும் வீட்டுப்பாடம், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது, லேப்பில் ஒழுங்கு, செல்போன், இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? மார்க்கை எப்படிப் பிரிப்பது?

பதில்: புதிதாகவே எழுதுங்கள், அதுவும் ஒரே பக்கத்தில். 31 விதியை எந்த மாணவரும் படிக்கப் போவதில்லை. அதைவிட, இரண்டு மாதம் போனால் உங்களுக்கே பாதி மறந்திருக்கும். மறந்துபோன விதி ஒன்றைத் திடீரென்று ஒருநாள் எடுத்து ஒரு பையன் மேல் மட்டும் பாய்ச்சினால், அவனுக்கு அது விதியாகத் தெரியாது. சாருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றுதான் தெரியும்.

பழைய பட்டியலைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை வைத்து ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், 'இதை மீறினால் நடப்பதைத் திருத்த முடியுமா, முடியாதா?' என்று கேட்டு ஒரு குறி போடுங்கள். வீட்டுப்பாடம் இரண்டு நாள் தள்ளி வந்தால் திருத்திக்கொள்ளலாம். கண்ணில் அமிலம் தெறித்தால் திருத்த முடியாமலே போகலாம். நான் பார்த்த பெரும்பாலான விதித்தாள்களில் கணக்கு தலைகீழாக இருக்கும். தாமதத்துக்கு ஒரு நாளுக்கு எத்தனை மார்க் வெட்டு என்று அரைப் பக்கம் இருக்கும். ஆய்வகத்துக்கு 'கவனமாக இருக்கவும்' என்று ஒரே வரி. திருத்த முடியாத விஷயத்தில் கறாராக இருங்கள். திருத்த முடிந்ததில் தாராளமாக இளகலாம். நீங்கள் கேட்ட அத்தனைக்கும் என் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஆய்வகம். 'கவனமாக இரு' என்பது விதியே இல்லை. கவனமாக இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கை, கால், கண், முடி என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் அது விதி. தலைமுடியைக் கட்டிவிட்டு உள்ளே வா. சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது அதன் வாய் உன் பக்கமும் வேண்டாம், யார் பக்கமும் வேண்டாம். முகர வேண்டுமென்றால் மூக்கைக் கொண்டுபோகாதே, கையால் விசிறி வாசனையை வரவழை. எடுத்த ரசாயனம் மிஞ்சினால் பாட்டிலில் திரும்பக் கொட்டாதே. உடைந்த கண்ணாடியைக் கையால் அள்ளாதே, என்னைக் கூப்பிடு. தின்பதும் குடிப்பதும் வெளியே. நான் அறையில் இல்லாதபோது எந்தச் சோதனையும் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுவும் பாடம்தான். அமிலத்தில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது? அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தியானது. மேலே ஊற்றிய தண்ணீர் அடியில் இறங்காமல் மேலேயே நிற்கும். கலக்கும் இடத்தில் எழும் வெப்பத்தில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு தெறிக்கும். அதனால் எப்போதும் தண்ணீரில்தான் அமிலம், கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கியபடியே. இந்த வகுப்பில் மாணவர் கையில் அடர் அமிலமே போகக் கூடாது, நீங்களே முன்கூட்டி நீர்த்து வைத்துவிடுங்கள். ஆனாலும் காரணம் தெரிந்திருக்கட்டும்.

என் மூன்றாவது வருடத்தில் நடந்தது. கண்ணாடிக் குழாயை வளைக்கும் சோதனை. தீயைப் பற்றி, உடைவதைப் பற்றியெல்லாம் சொன்னவன், சூடான கண்ணாடி பார்வைக்கு ஆறிய கண்ணாடி மாதிரியேதான் இருக்கும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு பெண் மேசையில் கிடந்த குழாயை இயல்பாக எடுத்தாள். இரண்டு விரல் நுனியும் வெந்துவிட்டன. குழாயடிக்கு அழைத்துப் போய் இரண்டு நிமிடம் தண்ணீர் காட்டிவிட்டு, சரியாகிவிடும் என்று உட்கார வைத்தேன். அதுவும் தப்பு. தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும். (கண்ணில் ரசாயனம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம்.) அன்றிலிருந்து ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஓடு உண்டு. சூடான எதுவும் அதன் மேல்தான். அதிலிருந்து எடுப்பதற்கு முன் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் எல்லோரும் விடும் ஓட்டை ஒன்று இருக்கிறது. வேலையை முதலில் முடித்த குழு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும். பக்கத்து மேசையில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். 'உன் வேலை முடிந்ததும் கழற்றலாம்' என்று எழுதாதீர்கள். 'நான் சொன்னதும் எல்லோரும் சேர்ந்து கழற்றலாம்' என்று எழுதுங்கள். நீங்களும் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விதித்தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். கையெழுத்து, படித்ததற்குச் சாட்சி இல்லை. நான் பத்துக் கேள்வியில் ஒரு சிறு தேர்வு வைப்பேன். பத்துக்குப் பத்து வாங்கினால்தான் அடுப்பைத் தொடலாம். ஒன்பது வாங்கினால் மறுநாள் திரும்ப எழுதலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். லேப் விதியை மீறினால் மார்க்கில் கை வைக்க மாட்டேன். அன்றைய சோதனையிலிருந்து விலகி உட்கார வேண்டும். இன்னொரு குழுவின் அளவீடுகளை வாங்கி, அவர்கள் பெயரைக் குறிப்பிட்டு, கணக்கை எழுதித் தர வேண்டும். பாதுகாப்பை மார்க்கோடு முடிச்சுப் போட்டால், 'இரண்டு மார்க் போனால் போகிறது' என்று துணிகிறவன் ஒருவன் எப்போதும் இருப்பான்.

இனி தாமதம். ஒரு மாணவி ஐந்து வேலையில் நான்குக்கு 80 வாங்கியிருக்கிறாள், ஐந்தாவதைக் கொடுக்கவில்லை, அதற்குப் பூஜ்யம் போடுகிறீர்கள். சராசரி 64. அந்த 64 எதைச் சொல்கிறது? அவளுக்குத் தெரிந்த அறிவியலையும் சொல்லவில்லை, அவள் சோம்பலையும் சரியாகச் சொல்லவில்லை. இரண்டையும் குழைத்த ஏதோ ஒன்று. அதனால் கொடுக்காத வேலைக்கு நான் பூஜ்யம் போடுவதில்லை, 'வரவில்லை' என்று எழுதி வைப்பேன். அந்தப் பாடத்துக்கான தேர்வு நடக்கும் நாள் வரை கொடுக்கலாம். அதற்குப் பிறகும் வராவிட்டால் வகுப்பு முடிந்த பின் என் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். வேலையிலிருந்து தப்பிக்கச் சிலருக்குப் பூஜ்யம் ஒரு சுலபமான வழி. அந்தக் கதவை அடைத்துவிட்டால் பலர் முதல் தடவையே நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பள்ளி பூஜ்யம்தான் போட வேண்டும் என்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போதும் கடைசி நாளைத் தள்ளி வைப்பது உங்கள் கையில்தான் இருக்கும்.

மார்க்கை நான் பிரிப்பது: தேர்வுக்கு 50, ஆய்வகப் பதிவுக்கு 35, அன்றாட வேலைக்கு 15. வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு குறைவா என்று பெற்றோர் கேட்பார்கள். வீட்டுப்பாடம் பயிற்சி. பயிற்சியில் தப்பு செய்ய இடம் வேண்டும். நடத்தைக்கு ஒன்றும் இல்லை. அமைதியாக இருப்பதற்கு மார்க் கொடுத்தால் அது அறிவியல் மார்க் இல்லை. தேர்வில் சறுக்கியவருக்கு மறுதேர்வு உண்டு, ஆனால் முதல் தாளில் தப்பான ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று எழுதிக் காட்டிய பிறகுதான்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்த்து எழுதும் பழக்கத்தை நாமேதான் வளர்த்து விடுகிறோம். தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் நீளம் 1 மீட்டர், 10 அலைவுக்கு ஆகும் நேரம் அளக்க வேண்டும். ஒரு குழு ஊசலை விட்டதும் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குகிறது. 'சுழி' என்றல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? அவர்கள் 'பத்து' என்னும்போது நடந்திருப்பது ஒன்பது அலைவுதான். ஸ்டாப் வாட்சில் 18.1 நொடி. ஓர் அலைவுக்கு 1.81 நொடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 12-க்குப் பக்கத்தில் வருகிறது. புத்தகத்தில் 9.8. இப்போது அந்தக் குழுவுக்கு இரண்டு வழி. 12 என்று எழுதி மார்க் இழக்கலாம், 18.1-ஐ அழித்துவிட்டு 20.1 என்று எழுதலாம். விடைக்கு மார்க் என்றால் எந்த வழியில் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் என் வகுப்பில் 'சரியான' விடைக்கு மார்க்கே கிடையாது. பத்தில், அளவீடுகளை அலகோடு எழுதியதற்கு 3, கணக்குக்கும் வரைபடத்துக்கும் 3, விடை ஏன் விலகியது என்ற விளக்கத்துக்கு 4. 12 எழுதி, 'எண்ணுவதில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம், திரும்ப எண்ணியபோது 20.1 வந்தது' என்று சேர்த்தவளுக்கு முழு மார்க். 9.8 எழுதி, 'பிழை எதுவும் இல்லை' என்று முடித்தவனுக்கு 6. இன்னொன்று: பேனாவில்தான் எழுத வேண்டும், தப்பை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், கீழே இருக்கும் எண் படிக்கும்படி இருக்க வேண்டும். ரப்பர், வெள்ளை மை, கிழித்த பக்கம் எதுவும் கிடையாது.

இது பள்ளிப் பிள்ளைகளின் பலவீனம் மட்டும் இல்லை. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வைத்து அளந்த ராபர்ட் மில்லிகன் 1923-இல் நோபல் பரிசு வாங்கியவர். காற்றின் பாகுநிலைக்கு (துளி நகர்வதைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு) அவர் எடுத்த எண் சரியில்லாததால் அவர் கண்ட மதிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. அடுத்து அளந்தவர்கள் சட்டென்று சரியான மதிப்புக்கு வரவில்லை, படிப்படியாகத்தான் ஏறி வந்தார்கள். 1974-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசிய இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இதற்குச் சொன்ன காரணம்: மில்லிகனின் எண்ணைவிட மிக அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று துருவித் தேடினார்கள், பக்கத்தில் வந்தால் அவ்வளவு தேடவில்லை. இந்தக் கதையை முதல் லேப் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். 'காப்பி அடிக்காதே' என்ற பத்து அறிவுரையைவிட இது வேலை செய்கிறது.

காப்பிக்கு எல்லையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குழுவாகச் செய்ததை ஒரே மாதிரி எழுதுவது தப்பா என்று அவர்களுக்கு நிஜமாகவே புரியாது. அளவீடுகள் குழுவுக்குப் பொது, விளக்கம் அவரவருடையது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே அளவுகோல்தான். புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், விளக்கத்தை மட்டும் அவர்களே எழுத வேண்டும். யார் எழுதியது என்று துப்பறியும் வேலை உங்களுக்கு வேண்டாம். நோட்டைத் திறந்து, 'இந்த ஐந்தாவது புள்ளி மட்டும் கோட்டை விட்டு ஏன் தள்ளி நிற்கிறது?' என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிடிபட்டால் முதல் தடவை, என் முன்னால் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவது தடவை வீட்டுக்குத் தெரிவிப்பேன்.

செல்போன் பையில். ஸ்டாப் வாட்சாகவோ மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கவோ தேவைப்பட்டால் நானே எடுக்கச் சொல்வேன். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் அடுப்பு எரியும்போது மேசையைத் தனியாக விட்டுப் போகக் கூடாது. இவற்றுக்கு இதற்கு மேல் இடம் கொடுக்காதீர்கள்.

தாளின் பின்பக்கத்தில் உங்களுக்கான விதிகளை எழுதுங்கள். நான் எழுதுவது மூன்று. ஒரு வாரத்துக்குள் விடைத்தாளைத் திருப்பித் தருவேன். கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடியாவது காத்திருப்பேன். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி சொற்பமாகத் தெரியும், நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். மூன்றாவது, ரெக்கார்டு நோட்டில் முதல் நாள் குறிப்பு மட்டும், மார்க் மறுநாள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கண் மார்க்குக்குப் போகும், குறிப்பை யாரும் படிப்பதில்லை.

முதல் நாள் இந்தத் தாளை வாசித்துக் காட்டாதீர்கள். உங்கள் மேசையில் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, ஐந்து நிமிடம் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் 'திரி எரிகிறது' என்று எழுதுவார்கள். ஊதி அணைத்து, மேலே போகும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே சுடர் புகை வழியாக இறங்கி வந்து பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி. 'பார்த்ததை எழுது, நினைத்ததைத் தனியாக எழுது' என்ற விதியை அங்கேயே சொல்லலாம். விதித்தாளை வகுப்பு முடியும்போது கொடுங்கள். ஒரு விதி சரிப்படவில்லை என்றால் பருவ நடுவில் மாற்றலாம், ஆனால் ஒருவன் அதை மீறிய அன்றைக்கு மாற்றாதீர்கள். அடுத்த வாரம், எல்லோருக்கும் முன்னால், காரணத்தோடு மாற்றுங்கள்.