பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது

அன்புள்ள அண்ணா,

சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்து, சட்டையில் பனியன் பஞ்சு ஒட்டியிருக்க, மகளையும் அழைத்துக்கொண்டு வந்தீர்கள். “நாங்க பீகார்க்காரங்க. எங்க பொண்ணுக்கு இங்க கவர்மெண்டு வேலை தருவாங்களா?” என்று கேட்டீர்கள். கூட்டமாக இருந்ததால் அன்று சரியாகப் பேச முடியவில்லை. இதை மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தருவார்கள். பிறந்த இடத்தைக் காரணம் காட்டி அரசு வேலையை மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 16ஆவது பிரிவே சொல்கிறது. இங்கே வாசல் தமிழ்தான். தமிழ்நாடு அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். அந்த 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் மகள் அன்று கிளம்பும்போது, “அப்பாவுக்கு ஒரே வெசனம் சார், நான் பாத்துக்கறேன்” என்றாள். கவலையை வெசனம் என்கிற சொல் புத்தகம் படித்து வருவதில்லை, திருப்பூரில் வளர்ந்து வருவது. தமிழை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை.

அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி. அப்படிப் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. தொடக்கப் பள்ளியிலும் இப்போதைய பள்ளியிலும் அதற்கான சான்றைத் தனித்தனியாக வாங்க வேண்டும். குரூப் 2 மாதிரி பட்டப்படிப்பு கேட்கும் வேலைகளுக்கும் இது கிடைக்க வேண்டுமென்றால் கல்லூரியிலும் தமிழ்வழிதான் எடுக்க வேண்டும். இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றலாமா என்று கேட்டீர்களே, அவசரப்படாதீர்கள்.

எனக்குக் கவலை தந்தது உங்கள் பிளாஸ்டிக் கவரில் இருந்த காகிதங்கள். ஆதாரில் அவள் பெயருக்குப் பின்னால் ‘குமாரி’ இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் குமாரி இல்லை, அதற்குப் பதில் உங்கள் பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கிறது. உங்கள் பெயரையே இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஊரில் குடும்பப் பெயர், இங்கே இனிஷியல். வெளியூரிலிருந்து வந்த பல வீடுகளில் இதே சிக்கலைப் பார்க்கிறேன். தேர்வில் ஜெயித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நிற்கும்போதுதான் இது தெரியவரும். அப்போது அந்தப் பிள்ளை படுகிற பாட்டைப் பார்க்க முடியாது.

அவள் இப்போது பத்தாவது. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்னால் திருத்துவது சுலபம். மார்க் ஷீட் வந்துவிட்டால் கெஜட்டில் பெயர் மாற்றம், அலைச்சல், செலவு. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே பள்ளியிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி, ஓர் எழுத்து பிசகாமல் இருக்கட்டும்.

அடுத்தது உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். பீகாரில் உங்கள் சாதி பிற்பட்டோர் பட்டியலில் இருந்தாலும், தமிழ்நாட்டு அரசு வேலையில் அவளைப் பொதுப்பிரிவில்தான் வைப்பார்கள். குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அந்தப் பிரிவில் வயது வரம்பு 32. பெண்களுக்கான 30 சதவீத இடஒதுக்கீடு அவளுக்கும் உண்டு. மத்திய அரசு வேலைகளுக்கு பீகார் சாதிச் சான்றிதழ் உதவலாம். சட் பூஜைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பெயரில் உள்ள சாதிச் சான்றிதழை வாங்கி வாருங்கள்.

தபால் துறையில் கிராமின் டாக் சேவக் என்கிற கிராமத் தபால் ஊழியர் வேலைக்குப் பரீட்சையே கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான். பத்தாவதில் தமிழ் படித்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். மதிப்பெண்தான் முக்கியம், அதனால் இந்த வருடம் அவளை வீட்டு வேலையிலிருந்து கொஞ்சம் விடுவியுங்கள். தம்பியை அங்கன்வாடியிலிருந்து அழைத்து வர வேறு யாராவது போகட்டும்.

கலெக்டர் ஆக வேண்டும் என்கிறாள். ஆகட்டும், டிகிரி முடிக்கட்டும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அரசின் குடிமைப்பணிப் பயிற்சி மையம் இருக்கிறது. குரூப் தேர்வுகளுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று எவன் வந்தாலும் உள்ளே விடாதீர்கள்.

இந்த வாரம் தலைமையாசிரியரைப் பாருங்கள். லீவு கிடைக்காவிட்டால் அண்ணியை அனுப்புங்கள். அவருக்குத் தமிழ் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம், மகள் பேசிக்கொள்வாள். பிறப்புச் சான்றிதழின் அசலைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.