சுடுகிறவர்கள் பறவைகளைக் காக்கிறார்களா?

கேள்வி: வேட்டை நிலங்கள் இருப்பதால்தான் பல பறவையினங்கள் பிழைத்திருக்கின்றன என்று பிரிட்டனின் வேட்டை ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். கொல்வதும் காப்பதும் ஒரே கையால் நடக்க முடியுமா?

பதில்: முடியும், ஓரளவு நடந்தும் வருகிறது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ரெட் கிரவுஸ் என்னும் பறவையைச் சுடுவதற்காகவே ஹெதர் புதர் மண்டிய மேட்டுநிலங்களைப் பராமரிக்கிறார்கள். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரைதான் வேட்டைப் பருவம் என்றாலும், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட காவலர்கள் ஆண்டு முழுவதும் அங்கே நரியையும் காகத்தையும் கொன்று குறைக்கிறார்கள். முற்றிய புதரைத் திட்டுத் திட்டாக எரித்து இளந்தளிருக்கு வழிவிடுகிறார்கள். இரைகொல்லிகள் குறைந்த இடத்தில், தரையில் கூடு வைக்கும் கோட்டானும் (ஆந்தையல்ல, கர்லியூ என்னும் நீண்ட வளைந்த அலகுள்ள பறவை) ஆள்காட்டியும் கூடுதலாகக் குஞ்சு பொரிப்பதைக் கள ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோட்டான் வேகமாக அருகிவரும் நாட்டில் இதை அற்பமென்று ஒதுக்க முடியாது.

ஆனால் கிரவுஸைத் தின்னும் ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்துக்கு அதே நிலத்தில் என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். 1954 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள இப்பறவை 2013-இல் இங்கிலாந்து முழுவதிலும் ஓரிடத்தில்கூட வெற்றிகரமாக இனப்பெருக்கம் செய்யவில்லை. செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட 58 பறவைகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு, அவற்றுள் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதி அல்லது பெரிதும் சாத்தியம் என்று 2019-இல் தெரிவித்தது. காரணம் வேட்டையின் முறையிலேயே இருக்கிறது. கொடியசைத்து வரும் ஆட்கள் பறவைகளை விரட்ட, மறைப்புச் சுவர்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்பவர்கள் பணம் கொடுத்துச் சுடும் இந்த வேட்டைக்கு, இயற்கையாக அந்நிலத்தில் இருக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு கிரவுஸ் தேவைப்படுகிறது. அந்த நிலையில் ஒவ்வொரு பருந்தும் நஷ்டக் கணக்கில்தான் எழுதப்படும். ஸ்காட்லாந்து 2024-இல் கிரவுஸ் வேட்டைக்கு உரிமம் கட்டாயமாக்கிச் சட்டமியற்றியது இதனால்தான். தாமதம் என்றாலும் சரியான முடிவு.

பிரிட்டனில் ஆண்டுதோறும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட ஃபெசன்ட் பறவைகளை வளர்த்து வெளியே விட்டுச் சுடுவதைப் பாதுகாப்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைவிட நேர்மையான ஏற்பாடு அமெரிக்காவில் 1934-இல் வந்த வாத்து முத்திரை: நீர்ப்பறவை வேட்டைக்காரர் வாங்கியாக வேண்டிய அந்த முத்திரையின் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களைக் காக்கச் செல்கிறது. இருந்தாலும், ஒரு சதுப்பு நிலத்தைக் காத்தவருக்கு அங்குள்ள வாத்தைப் பொழுதுபோக்குக்காகக் கொல்லும் உரிமை கூலியாகச் சேருமா என்ற கேள்விக்குப் பணம் விடையாகாது. சுதந்திரமாக வாழ்ந்த பறவையை உணவுக்காகவே, வலி நீளாமல் கொல்கிறவரின் வாதத்தை மதிக்கிறேன். எண்ணிக்கைக்காகச் சுட்டுக் குவிப்பவரிடம் அந்த வாதம் இல்லை.

கேள்வி: வேட்டைத் துப்பாக்கியில் சுடப் பயன்படும் ஈய ரவைகளைத் தடை செய்வது அவசியமா?

பதில்: அவசியம். இரையை அரைக்கச் சிறுகல் விழுங்கும் வாத்து, சேற்றில் கிடக்கும் ரவையையும் விழுங்குகிறது. அரைவைப் பையில் தேய்ந்து கரையும் ஈயம் இரத்தத்தில் கலக்க, இறகு தொங்கி, உடல் மெலிந்து, குறி வைக்கப்படாத பறவையும் சாகிறது. நீர்ப்பறவை வேட்டையில் அமெரிக்கா 1991-இலும் இங்கிலாந்து 1999-இலும் ஈயத்தைத் தடை செய்தன. எஃகு ரவை தாராளமாகக் கிடைக்கும்போது ஈயத்தை விடமாட்டேன் என்பவர், பாதுகாப்பைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார்.