அணைக்கு எதற்கு முகம்?

அன்புள்ள ஐயா,

குமுளியில் தமிழ் வழி எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். முல்லைப் பெரியாறு அணையின் மாதவாரி நீர்மட்டத்தைப் படக்கதையாகப் போட்டுக் காட்ட ஆசை. நிறைந்தால் அணை சிரிக்கும், வற்றினால் அழும். சக ஆசிரியர் "விளையாட்டுத்தனம், வரைபடம் போதும்" என்கிறார். எந்தச் செயலியில் வரையலாம்?

செல்வி

அன்புள்ள செல்வி,

செயலி எதற்கு? கோடு போடாத நோட்டும் பென்சிலும் போதும். சக ஆசிரியர் முத்து காமிக்ஸ் கைக்கு எட்டாமல் வளர்ந்தவராக இருக்கும், விடுங்கள்.

ஆனால் அணைக்கு எதற்கம்மா முகம்? படித்ததும் கோபம்தான் வந்தது. இப்போது தேக்க அனுமதித்த உச்சமான 142 அடியை எட்டினால் தேனி மாவட்டக் கூடலூரில் எங்களுக்குக் கொண்டாட்டம். அன்று ராத்திரி அணைக்குக் கீழே கேரளத்தில் உள்ள வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் இருப்பவருக்குத் தூக்கம் பிடிக்காது. சிரிப்பை வரைந்தால் அவரை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

என் அப்பா டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் அணை மட்டத்தைத்தான் தேடுவார். அப்போது வரம்பு 136 அடி. 142 எல்லாம் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. 120 என்று போட்டிருந்தால், "பதினாறு அடி கெடக்கு" என்பார். 104-ஐக் கழித்துவிடுவார். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் சுரங்கப் பாதை வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வராது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் கணக்கு அங்கேதான் ஆரம்பம். வண்டிப்பெரியாற்றுக்காரருக்கோ அடிமட்டத்திலிருந்தே தண்ணீர்தான், அத்தனையும் பாரம்தான்.

சாதாரண வரைபடத்தில் இதில் ஒரு கணக்கைத்தான் பிடிப்பீர்கள். படக்கதையில் ஒரே நாளை இரண்டு கட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் போடலாம்: ஒன்று அடியிலிருந்து, இன்னொன்று 104-லிருந்து. நடுவில் விடுகிற வெள்ளை இடத்தில் பிள்ளைகளே கேள்வி கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் வசனம் எழுதி அதைக் கெடுக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். மாதக் கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. அதே அணை, அதே கோணம், தண்ணீர்க் கோடு மட்டும் ஏறி இறங்கட்டும். சண்டைக் காட்சிக்குப் பெரிய கட்டம் போடுவது காமிக்ஸ் வழக்கம். இங்கே அந்த வேலை வேண்டாம். நவம்பரில் மழை கொட்டியது என்று நவம்பர் கட்டத்தைப் பெரிதாக்கினால் தண்ணீரும் சேர்ந்து வீங்கிவிடும், ஏறியது மழையா உங்கள் பென்சிலா என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இடம் போதவில்லையா, இன்னொரு தாள் எடுங்கள். மே மாதக் கட்டத்தைச் சுருக்காதீர்கள்.

முகம்தான் வேண்டுமென்றால் கரையில் இரண்டு பேரை நிறுத்துங்கள், ஆளுக்கொரு பக்கம். வரைந்து முடித்ததும் முதலில் வண்டிப்பெரியாற்றிலிருந்து வரும் பிள்ளையிடம் காட்டுங்கள். எனக்கு அப்புறம் அனுப்பலாம்.