மாமா பேசிவைத்த சீட்டும் மகள் கேட்கும் விசிலும்

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு, மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தார். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வண்டி வரிசையில் நின்றுவிட்டதால் வர முடியவில்லை. அம்மா ஒரு மஞ்சள் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். மார்க் ஷீட், ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டண விவரம், அடகுக் கடையில் எழுதி வாங்கிய நகை மதிப்புச் சீட்டு. வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண் நான்கு வருடமாக ரக்பி ஆடுகிறாள். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. ஸ்டேட் டீம் செலக்‌ஷன் வரை போயிருக்கிறாள். இப்போது, "நான் கோச் ஆகப்போறேன்" என்கிறாள். தாய்மாமன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். முன்பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

"ரக்பின்னா இன்னான்னே தெரியாத ஊர்ல இவ கோச்சாவப் போறாளாம் சார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல இன்னான்னு சொல்றதுன்னு எங்க அண்ணன் கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

தண்ணீர் கொடுத்தேன். பயப்படாதீங்கம்மா, இன்னிக்கே முடிவு பண்ண வேண்டியதில்லை என்றேன். ஆனால் அந்தக் கட்டணத் தாளைப் படித்த பிறகு என்னால் ஆறுதல் மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். இதே மாதிரி மஞ்சள் பையோடு இந்த மாதம் இன்னும் பல வீடுகள் அலையும்.

முதலில் கணக்கு. நான்கு ஆண்டுக்கு அந்தக் கல்லூரி கேட்பது 11 லட்சம். நகையை வைத்து 3 லட்சம், மீதி 8 லட்சம் வங்கிக் கடன் என்று மாமா சொல்லியிருக்கிறார். 8 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 7 ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 13,700 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது பதினொன்றரை லட்சம். படிக்கும் நான்கு ஆண்டின் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. நகைக்கான வட்டி தனி. லாரி டிரைவர் சம்பளத்தில் வாழும் வீடு, கணக்குப் பாடத்தை வெறுக்கும் ஒரு பெண்ணுக்காக இதை ஏற்கக் கூடாது. ஏற்காதீர்கள். மாமாவுக்கு அக்கறை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தவணைத் தேதியில் வங்கியிலிருந்து போன் வரும்போது எடுக்கப்போவது நீங்கள்.

அடுத்தது பெண்ணின் மனசு. ரக்பி பிடிக்கும் என்பதும் கோச் ஆக வேண்டும் என்பதும் ஒன்றில்லை. நன்றாக ஆடும் பலருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவள் போகும் கார்ப்பரேஷன் கிரவுண்டுக்கே போய்ப் பார்த்தேன்.

ஒரு பக்கம் ஃபுட்பால், நடுவில் மூன்று கிரிக்கெட் மேட்ச். மூலையில் கிடைத்த இடத்தில் செருப்புகளை வரிசையாக வைத்து எல்லை போட்டிருந்தாள். எட்டுக் குழந்தைகள். எல்லோரையும் முட்டி போட வைத்து டேக்கிள், அதாவது பந்தோடு வருபவரைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதை, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முட்டியிலிருந்து விழுந்தால் அடி அதிகம் படாது. அது பழகினால் குந்திய நிலை, அப்புறம் நடந்து வந்து, கடைசியில்தான் ஓடி வந்து. தோள் எதிராளியின் தொடையில் படவேண்டும், இரண்டு கையும் இறுக்கிக் கட்டவேண்டும், தலை எதிராளியின் உடம்புக்குப் பின்பக்கமாக இருக்கவேண்டும், முன்னால் போகவே கூடாது. ஒரு பொடியன் ஒவ்வொரு தடவையும் தவறவிட்டான். மற்ற பசங்கள் சிரித்தார்கள். இவள் அவன் தோளையும் தொடவில்லை, காலையும் திருத்தவில்லை. எதிரே குந்தி, அவன் மோத வருவதையே இரண்டு முறை பார்த்தாள். "மோதும்போது நீ கண்ணை மூடுற. தொறந்து வெச்சுக்க. என் பேன்ட் பாக்கெட்ட மட்டும் பாரு." மூன்றாவது முறை பையன் பிடித்துவிட்டான்.

அம்மா, தப்பு தோளிலா கண்ணிலா என்று கண்டுபிடிக்கும் பார்வையைக் காசு கொடுத்து எந்தக் கல்லூரியிலும் வாங்க முடியாது. உங்கள் பெண்ணுக்கு அது இப்போதே இருக்கிறது.

நர்சிங், பி.காம்., போலீஸ் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கோச் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒரு நாட்டு அணிக்கே கோச் ஆனவர்களின் வாழ்க்கை எப்படிப் போனது என்று பார்த்தால் உங்கள் பயம் பாதி தெளியும். மீதிப் பாதி நியாயமான பயம். அதற்கும் வழி சொல்கிறேன்.

எடி ஜோன்ஸ் என்று ஒருவர். 1960-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பிறந்தார். அம்மா ஜப்பானிய வம்சாவளி. சிட்னியில் வளர்ந்து ராண்ட்விக் கிளப்புக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் ஆடினார். ஆஸ்திரேலிய அணியில் மட்டும் இடம் கிடைக்கவே இல்லை. பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர். அங்கிருந்து கோச்சிங்குக்கு வந்தார். 2001-இல் பிரம்பீஸ் என்ற ஆஸ்திரேலிய அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு, தன்னை ஆட்டக்காரனாக எடுக்காத ஆஸ்திரேலிய அணிக்கே கோச் ஆனார். 2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் இங்கிலாந்திடம் 20-17 என்று தோற்றார். 2005-இல் வேலை போனது.

2007-இல் உலகக் கோப்பை வென்ற தென்னாப்பிரிக்க அணிக்கு ஆலோசகராக இருந்தார். 2012-இல் ஜப்பான் அழைத்தது. அடுத்த ஆண்டு பக்கவாதம் வந்து படுத்தார், எழுந்து மறுபடி மைதானத்துக்கு வந்தார். 2015 செப்டம்பர் 19, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். அதற்குமுன் உலகக் கோப்பையில் மொத்தமே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த ஜப்பான், தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆடுகிறது. கடைசி நிமிடங்களில் ஜப்பான் மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறது. பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன். உதையுங்கள் என்றுதான் மேலே உட்கார்ந்திருந்த ஜோன்ஸ் கத்தினார். கேப்டன் மைக்கேல் லீச் கேட்கவில்லை, ஸ்க்ரம் எடுத்தார். இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளிப் பந்துக்குப் போராடுவதுதான் ஸ்க்ரம். கடைசியில் ஓரத்தில் ஒரு ட்ரை, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ஐந்து புள்ளி. 34-32, ஜப்பான் ஜெயித்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான். கோச்சின் பேச்சை மீறி முடிவெடுக்கும் துணிச்சலை அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு ஆண்டாக வளர்த்ததும் அந்தக் கோச்தானே.

பிறகு இங்கிலாந்து அணி. முதல் 17 ஆட்டமும் வெற்றி, 2019-இல் உலகக் கோப்பை இறுதி. 2022 டிசம்பரில் அங்கேயும் நீக்கினார்கள். 2023-இல் மீண்டும் ஆஸ்திரேலியா, உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேற்றம். 2024 ஜனவரியில் திரும்பவும் ஜப்பான். இந்த வேலையின் நிஜம் இதுதான். உச்சத்துக்குப் போனவருக்கே நாற்காலி நிரந்தரம் கிடையாது. அதனால்தான் கையில் இன்னொரு தொழில் இருக்க வேண்டும் என்கிறேன். அந்தத் தொழில் எது என்பதையும் இந்த ஆட்டமே காட்டிக் கொடுத்திருக்கிறது.

நியூசிலாந்துக்கு 2011-இல் உலகக் கோப்பை வாங்கித் தந்த கிரஹாம் ஹென்றி, அதற்கு முன் பள்ளித் தலைமை ஆசிரியர். அயர்லாந்தின் கோச்சாக இருந்த ஜோ ஷ்மிட் ஆசிரியர். வேல்ஸ் அணியைப் பல ஆண்டு நடத்திய வாரன் கேட்லாண்டும் ஆசிரியராக இருந்தவர்தான். இது தற்செயலாக நடந்ததில்லை. ரக்பி யூனியன் என்ற இந்த வகை ரக்பியில் ஆடுவதற்குச் சம்பளம் வாங்கலாம் என்று அனுமதித்ததே 1995 ஆகஸ்டில்தான். அதுவரை எல்லோருக்கும் பகலில் ஒரு வேலை இருந்தது. சாயங்காலம் கிரவுண்டுக்கு வர நேரமும், பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் பழக்கமும் வாத்தியார்களிடம் இருந்தன. நம் ஊரில் ரக்பி இன்றைக்கு ஏறத்தாழ அந்த 1995-க்கு முந்தைய நிலையில் இருக்கிறது. அதனால் உங்கள் பெண்ணுக்கும் அதே பாதைதான் பொருந்தும்.

"தெரியாத ஊர்" என்று உங்கள் அண்ணன் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. 1870-களில் கல்கத்தாவில் இருந்த ஒரு ரக்பி கிளப், மூடும்போது கையிருப்பு வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பை செய்து கொடுத்தது. 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான் மோதுகின்றன. நம் பெண்கள் அணி 2019-இல் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது, அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தில் அவர்களின் முதல் சர்வதேச வெற்றி அது. 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. ஆறு அணிகள், கோப்பை சென்னை புல்ஸுக்கு. ஆறு அணிக்கும் தலைமைக் கோச் வெளிநாட்டுக்காரர்கள். நம் ஆட்கள் வருவதற்கு எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது பாருங்கள்.

சரி, வழி. முதல் மூன்று ஆண்டு ஒரு அரசுக் கல்லூரியில் பட்டம். பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. அவளுக்கு உயிரியல் பிடிக்கும் என்பதால் விலங்கியலோ தாவரவியலோ எடுக்கட்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். விண்ணப்பிக்க மறக்காதீர்கள். கல்லூரி டீமில், எந்த விளையாட்டாக இருந்தாலும், கட்டாயம் ஆடவேண்டும். அந்தச் சான்று அடுத்த படிக்குத் தேவை.

அடுத்த இரண்டு ஆண்டு பி.பி.எட்., அதாவது உடற்கல்வி ஆசிரியருக்கான பட்டம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கியது, ஆசியாவில் இந்தப் படிப்புக்கே முன்னோடி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம், ஹாஸ்டல் செலவே இல்லை. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் தினமும் போய்வரத் தூரம். பி.பி.எட். கையில் இருந்தால் பள்ளியில் பி.டி. டீச்சராகப் போகலாம். தனியார் பள்ளியில் தொடக்கச் சம்பளம் குறைவு, அரசுப் பணிக்கு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கடன் இல்லாமல் அந்தச் சம்பளத்தில் நிற்க முடியும். மாதம் 13,700 தவணையோடு நிற்க முடியாது.

இந்த ஐந்து ஆண்டும் ரக்பி படிப்பு பக்கத்திலேயே ஓடவேண்டும். உலக ரக்பி அமைப்பின் இணையதளத்தில் ஆட்ட விதிகள், பாதுகாப்பு, தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. பணம் கிடையாது, தேர்வு எழுதினால் சான்றிதழ் வரும். இந்த வாரமே உங்கள் போனில் தொடங்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நேரடி வகுப்பாகக் கோச்சிங் லெவல் 1, லெவல் 2 என்று ஏறவேண்டும். மாநில ரக்பி சங்கத்திடம் வகுப்புத் தேதி கேட்டுப் பெயர் கொடுத்து வைக்கட்டும். தலையில் அடி பற்றிய பாடத்தை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது. இதை விட்டுக்கொடுக்காத கோச்சிடம்தான் எந்த அம்மாவும் பிள்ளையை அனுப்புவாள்.

இன்னொன்று. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான பட்டியலில் 2020-லிருந்து ரக்பியும் இருக்கிறது. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் அதற்குரிய படிவத்தில் சங்கச் செயலாளரின் கையெழுத்தை உடனே வாங்கி வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கையெழுத்திட்டவர் இருக்க மாட்டார். ஒவ்வொரு வேலை அறிவிப்பிலும் ரக்பி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கட்டும்.

பணம் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். "இந்தியா டீம்ல சேத்து விடுறேன்" என்று யாராவது காசு கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். லட்சக்கணக்கில் கட்டி வெளிநாட்டில் கோச்சிங் கோர்ஸ் படிக்க இப்போது எந்த அவசியமும் இல்லை. அவள் இந்த ஆண்டு கேட்டது ஒரு ஜோடி ஸ்டட் ஷூவும் ஒரு விசிலும். அதை வாங்கிக் கொடுங்கள்.

கண்ணே, உனக்கும் ஒன்று. நாளையிலிருந்து ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு ஞாயிறும் என்ன சொல்லிக்கொடுத்தாய், எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை, நீ என்ன மாற்றினாய் என்று எழுது. லெவல் 1 வகுப்புக்குப் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ.

நகையை அடகுக் கடையில் வைக்காதீர்கள் அம்மா. மதிப்புச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் நான் இருப்பேன். அப்பாவுக்கு லோடு இல்லாவிட்டால் அவரையும், எப்படியாவது உங்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்பணத் தேதிக்கு முன்னால் அவரிடம் நானே பேசுகிறேன்.