மொட்டை மாடியிலிருந்தே நிலக்காட்சி: ஓவியக் கேள்வி-பதில்

கே: வாட்டர் கலர் பழகி வருகிறேன். மாடிக்குப் போனால் தண்ணீர் டேங்கும் கேபிள் ஒயரும்தான் கண்ணில் படுகின்றன. நிலக்காட்சி வரைய ஊட்டி, கொடைக்கானல் என்று போனால்தான் ஆகுமா?
- வாசகி, குரோம்பேட்டை

ப: அவசியமே இல்லை. இடத்தைவிட நேரம்தான் முக்கியம். உச்சி வெயிலில் நிழல் அந்தந்தப் பொருளின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். சுவரும் தரையும் வானமும் ஒரே வெளுப்பாகத் தெரியும். அந்த நேரத்தில் ஊட்டியும் சப்பென்றுதான் இருக்கும். காலை ஆறரை முதல் எட்டரை வரை, மாலை நாலரை முதல் ஆறு வரை மாடிக்குப் போய்ப் பாருங்கள். அதே டேங்கின் நிழல் அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்து ஏறும். வரைய வேண்டியது அந்த நிழலைத்தான்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 3க்கு 4 அங்குலம் ஜன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள். கையை நீட்டினால் காட்சி குறுகும், முகத்தருகே கொண்டுவந்தால் விரியும். புதிதாகப் பழகுபவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்வார்கள்; குறுக்குவதே நல்லது. பிறகு 4பி பென்சிலால் (மென்மையாகக் கருமையாக எழுதுவது), உள்ளங்கையில் பாதி அளவில் நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கோணத்தை இரண்டே நிமிடத்தில் வரையுங்கள். தாளின் வெள்ளை, நடுச்சாம்பல், கருப்பு என்ற மூன்று அழுத்தம் மட்டும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து இந்த மூன்றும் பிரிந்து நிற்கும். இருண்ட பகுதிகள் ஒன்றோடொன்று கைகோத்து இரண்டு மூன்று பெரிய வடிவங்களாக வந்தால் படம் தேறும். துண்டு துண்டாகச் சிதறினால் அட்டையை நகர்த்துங்கள். சிதறிய அமைப்பில் எவ்வளவு நல்ல வண்ணம் போட்டாலும் படம் தேறாது.

பெரிய தாளில் தொடங்கியதும் நிழல்களின் எல்லையை முதல் பத்து நிமிடத்திலேயே குறித்துவிடுங்கள். வெயில் நகர நகர நிழலைத் துரத்தினால், ஒரே படத்தில் இரண்டு சூரியன் இருப்பதுபோல் ஆகிவிடும். ஒயர்களில் ஒன்றோ இரண்டோ போதும், அதுவும் இடையிடையே விட்டுப்போன கோடாக. முழுக்கோடு வானத்தைக் கிழித்துவிடும்.

பிரெஞ்சு ஓவியர் பிசாரோ 1897இல் பாரிஸின் மோன்மார்த்ர் பெருஞ்சாலையை ஓர் ஓட்டல் அறை ஜன்னலிலிருந்தே 14 ஓவியங்களாக வரைந்தார். குளிர்காலக் காலை, மழை, இரவு என்று ஒளிதான் மாறியது. உங்கள் மாடிக்கும் அது பொருந்தும்.

கே: வேம்பு, வாழை, தென்னை எல்லாம் ஒரே பச்சையாக வந்துவிடுகின்றன.
- வாசகர், மன்னார்குடி

ப: டியூபிலிருந்து சாப் கிரீன் என்ற ஆயத்தப் பச்சையை அப்படியே எடுத்துப் பூசினால் அப்படித்தான் ஆகும். பச்சையை நீங்களே கலந்துகொள்ளுங்கள். லெமன் யெல்லோ 3 பங்கு, அல்ட்ராமெரைன் (நீலம்) 1 பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஒரு பிரஷ் நுனி: வெயில் பட்ட வேம்புக்கு இது ஏறக்குறையச் சரியாக இருக்கும். நிழல் பக்கத்துக்கு நீலத்தையும் சியன்னாவையும் கூட்டுங்கள். கருப்பு சேர்த்தால் இலை அழுக்காகத் தெரியும். வேம்பு தளிர்விடும்போது அதன் நுனிகள் செம்பு நிறம். அங்கே பச்சையே வேண்டாம். வாழையிலைக்குப் பின்னால் வெயில் இருந்தால் ஒளி ஊடுருவி மஞ்சளாக எரியும், கேம்போஜ் மஞ்சளில் துளி நீலம் போதும். தென்னங்கீற்றின் மேல்புறமோ வானத்தைப் பிரதிபலித்து வெளிறிய நீலச்சாம்பலாகப் பளபளக்கும். அங்கே தாளின் வெள்ளையையே விட்டுவைத்து, கடைசியில் மெல்லிய நீலத்தை ஓட்டினால் போதும்.

கே: வெளியில் வரையும்போது வாஷ் (தண்ணீராகக் கரைத்துப் பரப்பும் பூச்சு) பாதியிலேயே காய்ந்து கோடு விழுகிறது. என்ன செய்வது?
- வாசகி, விருதுநகர்

ப: தாளில் நேர் வெயில் படவே கூடாது. காய்வது ஒருபுறம், கண்கூச்சத்தில் வண்ணத்தை அளவுக்கு மேல் அடர்த்தியாக்கிவிடுவீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாளின் பின்புறத்தையும் நனைத்துப் பலகையில் படியவையுங்கள். வானத்துக்கு வேண்டிய வண்ணத்தை, போதும் என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு முன்கூட்டியே கலந்து வையுங்கள்; நடுவில் கலக்க நிற்கும் அரை நிமிடத்தில்தான் கோடு விழுகிறது. பலகையை லேசாகச் சாய்த்து, கீழ் விளிம்பில் தேங்கும் ஈரத்தை விடாமல் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே வாருங்கள். மருந்துக்கடை கிளிசரின் நாலைந்து சொட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் காய்வது தாமதப்படும். கூடினால் வண்ணம் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

கே: போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரையலாமா?
- வாசகர், ஈரோடு

ப: வரையலாம், ஆனால் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். போன் நிழலைக் கருப்பாக்கிவிடும். நிஜத்தில் அதற்குள் நீலமும் ஊதாவும் இருக்கும். போனின் அகலக் கோணம் தூரத்து மலையையும் கோபுரத்தையும் சிறுத்துக் காட்டும், அதனால் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். நிழலின் நிறம், வெயில் வந்த திசை, மணி ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். 1821-22இல் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்த ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார்.