கப்பை காயில்லை, சோறுதான்

அன்புள்ள தம்பிக்கு,

தென்காசியிலிருந்து புனலூருக்குக் குடிவந்திருக்கும் நீங்கள், பக்கத்து வீட்டார் அன்போடு கொண்டுவந்து தரும் கப்பையையும் வேகவைத்த சேனைக்கிழங்கையும் சர்க்கரை நோயுள்ள உங்கள் தகப்பனார் சாப்பிடலாமா, "கிழங்கும் காய்தானே" என்று அவர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைக்க வந்து இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளை மலையாளத்தில் படிக்க வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் கப்பையைச் சோற்றின் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

நம் ஊர் மரவள்ளிக்கிழங்கைத்தான் இங்கே கப்பை என்கிறார்கள். அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்தும் 160 கலோரியும் உண்டு. புரதமோ ஒன்றரை கிராமைக்கூட எட்டாது. அதே எடையுள்ள சோற்றில் மாவுச்சத்து 28 கிராம் அளவிலும், புரதம் இரண்டரை கிராமுக்குச் சற்று மேலும் இருக்கும். ஆகவே காலையில் ஒரு தட்டு கப்பை சாப்பிட்டவர், அதைப் பலகாரமாக நினைத்துக்கொண்டு மதியம் வழக்கமான அளவில் சோறும் சாப்பிட்டால், சர்க்கரை ஏறுவதற்குக் கிழங்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இதை உணவாக ஊன்ற வைத்தவர், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காத்ததும் இந்தக் கிழங்குதான். பக்கத்தில் மத்திக் குழம்பு இருப்பது ருசிக்காக மட்டுமல்ல. கப்பையில் போதாத புரதத்தையும் அயோடினையும் மீன் ஈடு செய்கிறது. மீன் சேராத வீடானால் பயறோ கடலையோ கட்டாயம் இருக்கட்டும்.

சமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கப்பையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நறுக்கப்படும்போது அது சிதைந்து சயனைடை வெளிவிடும். அதனால்தான் இங்குள்ள பெண்கள் தோலைத் தடிப்பாகச் சீவி, நடுநாரை உருவிவிட்டு, துண்டுகளை நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். வைட்டமின் சியில் ஒரு பங்கும் நீரோடு போகும்தான், போகட்டும். கசக்கும் கிழங்கைச் சாப்பிட வேண்டாம். பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், கடைக்காரரை ஒரு முனையை ஒடித்துக் காட்டச் சொல்லி, வெள்ளையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பொங்கலுக்கு நம் பக்கத்தில் வாங்கும் கிழங்குகளெல்லாம் இங்கே அன்றாடச் சாமான். சேனையில் மாவுச்சத்து கப்பையில் பாதியளவே இருப்பதால், உங்கள் தகப்பனாருக்கு அதுவே நல்லது. நாக்கும் கையும் அரிப்பதற்கு ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே காரணம். புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் அரிப்பு அடங்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் சேனையையும் சேம்பையும் அளவோடு வைத்துக்கொள்வது நலம். காச்சில் எனும் பெருவள்ளியும், கூர்க்கை எனும் நம் சிறுகிழங்கும் மாவுச்சத்து மிகுந்தவையே.

காய் என்று சொல்லத் தகுந்தது தண்டுதான். வாழைத்தண்டில் பெரும்பகுதி நீர். மீதியில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் உண்டு. கலோரி மிகக் குறைவு. வட்டமாக நறுக்கும்போது இழுபடும் நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காதிருக்க மோர் கலந்த நீரில் போட்டு, பிறகு வேகவைத்த சிறுபயறும் தேங்காயும் சேர்த்துத் தோரன் எனும் பொரியல் வைத்தால், பயற்றிலிருந்து புரதமும் சேர்ந்துவிடும். சாறு பிழிந்து மருந்தாகக் குடிப்பதைவிட இப்படிக் கறியாக உண்பதே என் விருப்பம், ஏனென்றால் சாற்றை வடிகட்டும்போது நார் குப்பைக்குப் போய்விடுகிறது. சேம்பின் தண்டையும் இங்கே சமைப்பார்கள். அதற்கும் புளி வேண்டும்.

தகப்பனாருக்குச் சிறுநீரகக் கோளாறோ தைராய்டு குறைபாடோ இருந்தால் மட்டும், முதல் பிரச்சினைக்குப் பொட்டாசியத்தையும் இரண்டாவதற்குக் கப்பையையும் குறித்து அவருடைய மருத்துவரிடம் கேட்டபின் அளவை முடிவு செய்யுங்கள். மற்றபடி, கப்பை சாப்பிடும் வேளையில் சோற்றை நிறுத்திவிட்டு, கைப்பிடி அளவு கப்பையும் இரண்டு துண்டு மீனும் ஒரு கிண்ணம் தண்டுத் தோரனும் வைத்துக் கொடுங்கள்.